ஆடு தொடாத மூலிகை: காட்டிக் கொடுத்த எலிகள்!

கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளையை தென் மாவட்ட மக்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்லை. வயிற்றுப் பூச்சிக்கு அரைத்துக் கொடுப்பார்கள். பூச்சிக்கடிக்கு பத்து போடுவார்கள். 'பச்சிலைதானே, என்ன செஞ்சிடப் போகுது' என்பதுதான் பேச்சு. ஆனால் இந்தச் செடி இனத்தில் ஒளிந்திருந்த ஆபத்து ஆய்வுக்கூட எலிகளிடம் அம்பலமானது.

மூலிகைச் சாறை எப்படி சோதிக்கிறார்கள்? இஷ்டத்துக்கு எலியைப் பிடித்து மருந்து கொடுக்க முடியாது. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகு, ராத்திரி பட்டினி போட்ட 3 பெண் எலிகளுக்கு குழாய் மூலம் வயிற்றுக்குள் சாறு விடுவார்கள். ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம் என்பது வழக்கமான ஆரம்பம். எலி சாகாவிட்டால் 2000 வரை போவார்கள். 200 கிராம் எலிக்கு அது 400 மில்லிகிராம். வலிப்பு வருகிறதா, பேதியாகிறதா, எடை குறைகிறதா என்று 14 நாள் கண்காணிப்பு. பிறகு அறுத்துப் பார்ப்பார்கள்.

இதில் 'பாஸ்' ஆனதுமே 'பக்க விளைவே இல்லை' என்று கிளம்பி விடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் கோளாறு. இந்தச் சோதனை உடனே கொல்லுமா என்பதைத்தான் சொல்லும். மெல்லக் கொல்லும் விஷம் இதில் சிக்காது.

அதற்கு 90 நாள் சோதனை. ஒவ்வொரு குரூப்பிலும் ஆண் 10, பெண் 10. தினமும் மருந்து. ஒரு குரூப்புக்கு மட்டும் மருந்தே கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க. கடைசியில் ரத்தத்தில் கிரியாட்டினின், எஸ்.ஜி.பி.டி. எல்லாம் பார்த்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள்.

ஆடுதின்னாப்பாளை இனத்தில் இருப்பது அரிஸ்டோலோகிக் அமிலம். இதை 3 மாதம் கொடுத்த எலிகளின் இரைப்பையில் புற்றுநோய் வந்ததை 1982ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அப்படியும் விபரீதம் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு சிறுநீரகம் பழுதானது. வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்து வேர் அதில் கலந்திருந்தது. நூறு பேருக்கு மேல் பாதிப்பு. பலர் டயாலிசிஸ் வரை போனார்கள். சிலருக்கு பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. 2002ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த இனம் கலந்த மருந்துகளை மனிதருக்கு புற்றுநோய் உண்டாக்குபவை என்று அறிவித்தது.

ஏற்கனவே இந்தப் பச்சிலையை நெடுநாள் சாப்பிட்டவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் கிரியாட்டினின் டெஸ்ட் எடுக்கலாம். எந்தச் செடி, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.