கிழக்கு பிறந்த விதம்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரத்தில் யாரிடமாவது கிழக்கு எது என்று கேட்டால் சூரியோதயத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் ‘கிழக்கு’ என்னும் சொல்லுக்குள் சூரியனே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா?

இலத்தீன் மொழியினர், உதித்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து ‘ஓரியென்ஸ்’ என்று அத்திசைக்குப் பெயரிட்டு, அதிலிருந்தே ‘ஓரியென்டாலிஸ்’ என்ற பெயரடையையும் ஆக்கிக்கொண்டார்கள். நம் முன்னோரோ ஆகாயத்தைப் பாராமல் பூமியைப் பார்த்து, மலைகள் ஓங்கிய மேலான திசையை மேற்கு என்றும், சமுத்திரத்தை நோக்கி நிலம் தாழ்ந்து செல்லும் கீழான திசையைக் கிழக்கு என்றும் வழங்கினார்கள். விருத்தாசலத்தைத் தழுவிவரும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைவதும் அந்தச் சரிவின் வழியாகத்தான்.

இலக்கணத்திலும் ஓர் அழகு உண்டு. இலத்தீன் பெயரடை, தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கேற்ப ஈறு மாறிக்கொண்டே இருக்கும். தமிழிலோ ‘கீழை’ என்று ஒருமுறை ஆகிவிட்டால், கீழை நாடு, கீழை நாடுகள், கீழை நாட்டார் என எதற்கு முன்னும் அது மாறுவதில்லை. மேற்கு ‘மேல்’ என்றும், தெற்கு ‘தென்’ என்றும் திரிந்து பிற சொற்களோடு புணர்வதற்கென்றே பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு சூத்திரம் வகுத்திருக்கிறார்.

உங்கள் ஊரிலும் மேலத்தெரு, கீழத்தெரு இருக்குமானால், அடுத்த மழையின்போது தண்ணீர் எத்தெருவிலிருந்து எத்தெருவுக்கு ஓடுகிறது என்று சற்றே கவனித்துப் பாருங்கள்.