காலையில் கீச்சிடும் பெல்ட்

பழைய புரோட்டோன் சாகா காரைக் காலையில் கிளப்பியதும் எஞ்சின் பகுதியிலிருந்து ‘கீச்’ என்று ஓசை எழும். இரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். மழை பெய்த மறுநாள் ஓசை சற்றுக் கூடுதலாகவே கேட்கும். அடங்கிவிடுகிறதே என்று பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் பெல்ட்டின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

1985ஆம் ஆண்டில் அறிமுகமான சாகாவிலும் 1992இல் வந்த இஸ்வாராவிலும் இந்தப் பெல்ட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. எஞ்சினின் சுழற்சியை வாங்கி, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் அல்டர்னேட்டரைச் சுற்றுவது ஒன்று. ரேடியேட்டர் நீரை எஞ்சினுக்குள் ஓடவைக்கும் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது மற்றொன்று. இரண்டாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காரைக் கிளப்பியவுடன், ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரத்தை அல்டர்னேட்டர் பேட்டரிக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அதனுடன் ஏர்கோனும் விளக்கும் சேர்ந்துகொண்டால் சுமை மேலும் கூடும். தளர்ந்த பெல்ட் அந்தச் சுமையை இழுக்க முடியாமல் வழுக்குகிறது. அதுதான் அந்த ஓசை. வழுக்கும் பெல்ட்டினால் பேட்டரிக்குப் போதிய மின்சாரம் ஏறாது. பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டு, சில மாதங்களில் மறுபடியும் பட்டறைக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்த்தால் அந்தச் செலவு மிச்சமாகலாம்.

பெல்ட் அறுந்துபோனால் கதையே வேறு. டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். பேட்டரிதானே, வீடு வரை ஓட்டிவிடலாம் என்று தொடர்ந்து ஓட்டுவதுதான் ஆபத்து. இந்தக் கார்களில் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவதால், பெல்ட் அறுந்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். விசிறி சுற்றுகிறது, நீரோ நகரவில்லை. சற்று நேரத்தில் வெப்பமானி முள் மேலே ஏறிவிடும். அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்து, கேஸ்கெட் போய்விட்டால், சில பத்து வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல நூறு வெள்ளிக்குப் போய்விடும். ஆகவே, விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

பெல்ட்டைச் சோதிப்பது எளிது. எஞ்சினை அணைத்த பிறகு அதைச் சற்றுத் திருப்பி உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, நூல் பிரிதல், பக்கங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பு ஆகியவை தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். வி வடிவப் பெல்ட் பக்கவாட்டில்தான் புல்லியைப் பிடிக்கிறது. தேய்ந்து புல்லியின் அடித்தளத்தைத் தொட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. சவர்க்காரமும் ஸ்பிரேயும் ஓசையை அடக்குமே தவிர, பிடிப்பைத் திருப்பித் தராது.

மாற்றும்போதுதான் அல்டர்னேட்டரைத் தளர்த்த வேண்டும். வேலையில் இறங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது அவசியம். அல்டர்னேட்டரின் பின்னாலுள்ள தடித்த வயரில், சாவியை அணைத்த பிறகும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும்.

அல்டர்னேட்டர் கீழே ஒரு நீண்ட போல்ட்டில் தொங்குகிறது. மேலே பிளவுள்ள பட்டையில் இன்னொரு போல்ட் அதைப் பிடித்திருக்கிறது. மேல் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு, அசையவில்லையே என்று இரும்புக் கம்பியால் நெம்புவதே வழக்கமான தவறு. கீழ்ப் போல்ட்டின் நட்டையும் தளர்த்தினால்தான் அது தாராளமாகச் சாயும். பல ஆண்டு துருவில் அந்தப் போல்ட் இறுகியிருந்தால், துரு நீக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்துவிட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். சுத்தியலால் அடித்தால் அலுமினியக் காது உடைந்துவிடும். அப்படி உடைந்தால் அல்டர்னேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

ஏர்கோன் பெல்ட் வெளிப்பக்கத்தில் இருந்தால் அதை முதலில் கழற்ற வேண்டும். வெடித்திருந்தால் அதையும் கையோடு மாற்றிவிடலாம். புதிய பெல்ட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. அல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் முழுவதும் சாய்த்தால் கையாலேயே மாட்டிவிடலாம். இறுக்குவதற்கு அட்ஜஸ்டர் போல்ட் இருக்கும் கார்களில் அதைத் திருப்பினால் போதும். டட்சன் 120ஒய் போன்ற, அந்த வசதியில்லாத கார்களில், கெட்டியான மரக்கட்டையைப் புல்லிக்கு அருகிலுள்ள முன் உறையில் வைத்து மெதுவாக நெம்ப வேண்டும். பின் உறையில் நெம்பினால் அது உடையக்கூடும்.

இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் பலமாக அழுத்தினால், பெல்ட் ஏறக்குறைய 1 செண்டிமீட்டர் தாழ வேண்டும். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். ஓசையே வரக்கூடாது என்று வீணைத் தந்தி போல இறுக்கினால் அல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரமே தேய்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும். அளவு சரியானதும் மேல் போல்ட்டையும், பிறகு கீழ் நட்டையும் முறுக்கிவிட்டு, இன்னொரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். முறுக்கும்போது சற்று நகர்ந்திருக்கக்கூடும்.

புதிய பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். மறுபடி இறுக்காததால்தான் ‘புது பெல்ட்டும் கத்துகிறது’ என்ற புகார் எழுகிறது. கழற்றிய பழைய பெல்ட்டை அவசரத்துக்கு ஆகுமென்று சிலர் பின்பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். வெடித்துப்போன பெல்ட் எத்தனை தூரம் வரும்? அதற்குப் பதில் ஒரு புதிய பெல்ட்டும், 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர்களும், ஒரு டார்ச் விளக்கும் இருந்தால், இரவில் நெடுஞ்சாலை ஓய்விடத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.