விரல்களால் குடும்பம் காத்த கிளாரா

அப்பா சம்மதிக்கவில்லை. ஆகவே பெண் கோர்ட்டுக்குப் போனாள்!

இது சினிமாக் கதை அல்ல. 1839-ம் ஆண்டில், ஜெர்மனியில் லைப்சிக் நகரில் நடந்த உண்மைச் சம்பவம். அந்தப் பெண்ணின் பெயர் கிளாரா. அவள் மணக்க விரும்பியவர் ராபர்ட் ஷூமான்.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் "ரொமாண்டிக் காலம்" என்று ஒன்று உண்டு. அது 19-ம் நூற்றாண்டு. காதல், ஏக்கம், துயரம் எல்லாவற்றையும் அந்தக் காலத்து மேதைகள் இசையில் அப்படியே கொட்டினார்கள். அவர்களில் முன்வரிசையில் இருப்பவர் ஷூமான்.

தந்தையே குரு

கிளாராவின் தந்தை வீக், பியானோ வாத்தியார். மிகவும் கண்டிப்பானவர். கிளாரா சிறு குழந்தையாக இருந்தபோதே தாயார் பிரிந்து போய்விட்டார். குழந்தை தகப்பனிடமே வளர்ந்தது.

தந்தை கற்றுக்கொடுத்த வித்தை வீண் போகவில்லை. 9 வயதில் மேடை ஏறினாள் கிளாரா. 11 வயதில் தனிக் கச்சேரி! 18 வயதில் வியன்னா அரண்மனையே பட்டம் கொடுத்துப் பாராட்டியது.

அந்த வீட்டில் பியானோ கற்க வந்து தங்கியவர்தான் ஷூமான். சட்டப் படிப்பை உதறிவிட்டு வந்த வாலிபர். கிளாராவைவிட 9 வயது மூத்தவர். பாவம், அவருடைய வலது கை விரல் முடங்கிப் போயிற்று. இனி மேடையில் வாசிக்க முடியாது. எனவே, இசை இயற்றுவதில் இறங்கினார்.

நாளடைவில் இருவரும் காதலித்தார்கள். நிலையான வருமானம் இல்லாதவருக்குப் பெண் கொடுப்பதா என்று கொதித்தார் வீக். சந்திக்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது என்று தடை போட்டார். கடிதங்கள் ரகசியமாகப் போய்வந்தன.

கோர்ட்டில், "ஷூமான் குடிகாரர்" என்று வீக் குற்றம் சாட்டினார். அதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. பிரிந்துபோன தாயார் மகளின் பக்கம் நின்றார். காதலர்களே வென்றார்கள். 1840 செப்டம்பர் 12-ந் தேதி கல்யாணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது நிறைந்தது.

அந்த ஒரே ஆண்டில் ஷூமான் 130-க்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்தார்!

பூட்டி வைத்த ஆசை

வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. கணவர் இசை எழுதும்போது மனைவி பியானோவைத் தொட முடியாது. கிளாராவும் நன்றாக இசை இயற்றுவார். ஆனால், பெண்ணுக்கு அந்த ஆசை கூடாது என்று டைரியில் எழுதி வைத்தார். எத்தனை நல்ல இசை பிறக்காமலே போயிற்றோ!

1849-ல் டிரெஸ்டன் நகரில் கலகம் மூண்டது. சண்டைக்கு ஆண் பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக வந்தார்கள். கணவரையும் மூத்த மகளையும் தோட்டத்து வழியாக வெளியேற்றினார் கிளாரா. மற்ற மூன்று குழந்தைகள் வீட்டிலேயே இருந்தன. இருட்டில் வயல்வெளியில் நடந்து, கலக பூமிக்குத் திரும்பி, மூவரையும் மீட்டு வந்தார். அப்போது அவர் 7 மாதக் கர்ப்பிணி!

நதியில் குதித்தார்

வேறொரு ஆபத்திலிருந்து கணவரை மீட்க அவரால் முடியவில்லை. ஷூமானின் மனநோய் முற்றியது. காதுக்குள் ஓயாமல் ஒலிகள் கேட்டன. 1854 பிப்ரவரி 27-ந் தேதி, டூசல்டார்ப் நகரில் மழையில் வெளியேறி ரைன் நதியில் குதித்தார். படகோட்டிகள் காப்பாற்றினார்கள். பான் நகருக்கு அருகே மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

வீட்டில் ஆறு குழந்தைகள். வயிற்றில் ஒன்று. அந்தக் கடைசி மகனைத் தகப்பன் பார்க்கவே இல்லை.

கிளாரா அழுதுகொண்டு உட்காரவில்லை. ஊர் ஊராகச் சென்று பியானோ வாசித்துச் சம்பாதித்தார். பிராம்ஸ் என்ற இளைஞர் குடும்பத்துக்குத் துணை நின்றார். பின்னாளில் அவரும் பெரிய இசை மேதை ஆனார். அப்போது அவருக்கு 20 வயது. வீட்டுக் கணக்கைக்கூட அவரே எழுதினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கணவரைப் பார்க்க டாக்டர்கள் கிளாராவை விடவில்லை. 1856 ஜூலை 27-ந் தேதிதான் அனுமதி கிடைத்தது. ஷூமான் சிரமப்பட்டு ஒரு கையால் மனைவியை அணைத்தார். கிளாரா தன் விரல்களால் ஊட்டிய திராட்சை ரசத்தைச் சுவைத்தார். இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. வயது 46.

அதன்பிறகு கிளாரா 40 ஆண்டுகள் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. மேடைதோறும் கணவரின் இசையை வாசித்தார். முன்பு அதிகம் பேர் கேட்டிராத அந்த இசை ஐரோப்பா எங்கும் பரவியது. மக்களில் நால்வர் தாயின் வாழ்நாளிலேயே இறந்தனர். ஒரு மகன் மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனான். இறந்துபோன மகனின் பிள்ளைகளையும் அந்தப் பாட்டியே வளர்த்தார். கை வலியெடுத்த காலத்திலும் பிராங்க்பர்ட் இசைக் கல்லூரியில் பாடம் சொன்னார்.

1896 மே 20-ந் தேதி கிளாரா காலமானார். பான் நகரில் கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். வயோதிகரான பிராம்ஸ் நெடுந்தூரம் ரயிலில் வந்து ஒரு பிடி மண் போட்டார்.

1990-ல் ஜெர்மனி வெளியிட்ட 100 மார்க் நோட்டில் கிளாராவின் படம் அச்சாயிற்று. 2001 இறுதி வரை அந்த நோட்டு புழங்கியது. அதன் பின்பக்கத்தில் ஒரு பியானோ!