தொட்டி ஒழுகவில்லை, வியர்க்கிறது!

தீபாவளிக்குச் சாயம் பூசிய சுவர் தைப்பூசம் வருவதற்குள் கறுத்துவிடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் சரி, கிள்ளான் வரிசை வீடானாலும் சரி, வரவேற்பறையில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் சுவரெங்கும் கரும்புள்ளிகள். அடியிலுள்ள அலமாரிப் பலகை ஊறி உப்பியிருக்கும். அறைக்குள் நுழைந்ததுமே பூஞ்சண வாடை. தொட்டி ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, ஆசையாய் வளர்த்த அரோவானாவை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பல வீடுகளில் தொட்டி ஒழுகவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் ஒரு சிறு கணக்கு. 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் ஒரு செண்டிமீட்டர் இறங்கினால், ஏறக்குறைய 5.5 லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று பொருள். அது வீட்டுக் காற்றில்தான் கலக்கிறது. 12 அடிக்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த அறைக் காற்று முழுவதும் சேர்ந்தாலும் 800 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மிஞ்சியது வெளியேற வழியில்லை என்றால் சுவரையும் துணியையும் பலகையையும் தேடிப் போகும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமே என்று தோன்றலாம். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட மீன் வளர்ப்பு நூல்களும் அதைத்தான் சொல்கின்றன. அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்றில் நீராவி குறைவு. கோலாலம்பூர் காற்றின் கதை வேறு. ஆண்டு முழுவதும், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் இக்காற்று நீரைக் கக்கிவிடும். கடையில் ஐஸ் மைலோ வாங்கி மேசையில் வைத்தால் குவளை வியர்க்கிறதே, அதே கதைதான். மழை பெய்யும் இரவில் ஜன்னலைத் திறப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பது போலாகும். வெயில் காயும் நண்பகலில் சிறிது நேரம் திறப்பதும், தொட்டியின் பக்கம் மின்விசிறியைச் சுழலவிடுவதும் ஓரளவு உதவும்.

இனி, ஒழுகல் என்று தவறாக எண்ணப்படும் விஷயத்திற்கு வருவோம். இரவு முழுக்கக் குளிர்சாதனம் 22 டிகிரியில் ஓடுகிறது. தொட்டி நீரும் மெல்ல மெல்லக் குளிர்கிறது. காலையில் குளிர்சாதனத்தை நிறுத்தி ஜன்னலைத் திறக்கிறார்கள். அறை சட்டென்று சூடாகிவிடும்; நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் அவ்வளவு விரைவில் சூடாகாது. ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, முத்து முத்தாக வியர்த்து, வழிந்து அலமாரிக்குள் இறங்குகிறது. கண்ணாடியை உலரத் துடைத்துவிட்டு, மூலைகளிலும் இணைப்புகளிலும் மெல்லிய காகிதத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒழுகும் தொட்டியில் ஓரிடம்தான் நனையும். வியர்க்கும் தொட்டியில் நீர்மட்டம் வரை கண்ணாடி முழுவதும் பனிக்கும்.

சுவரும் இப்படித்தான். படுக்கையறையில் குளிர்சாதனம் ஓடினால், அதன் மறுபக்கச் சுவர் வரவேற்பறையில் குளிர்ந்து நிற்கும். அந்தச் சுவரை ஒட்டித் தொட்டியை வைத்தால் காற்றோட்டமும் இல்லை, ஈரமும் குறையாது. சாயமும் படிந்த தூசியும் பூஞ்சணத்திற்கு உணவு. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே காற்றுத் துளைகள் இருந்தன. குளிர்சாதனம் வந்ததும் அவற்றைச் சிமெண்ட் பூசி அடைத்தோம். போன ஈரம் திரும்பி வந்துவிட்டது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடுவதுதான் முதல் வேலை. துள்ளிக் குதிக்கும் அரோவானாவுக்கு எப்படியும் அது தேவை. காற்றுக் குழாய்க்கும் வடிகட்டிக்கும் மட்டும் இடைவெளி விட்டால் போதும். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவாவது இடம் வேண்டும். குளிர்சாதனத்தை 25, 26 டிகிரியில் வைத்தால் தொட்டியும் சுவரும் வியர்ப்பது வெகுவாகக் குறையும், மின்கட்டணமும் மிச்சம். ஒரு சிறிய ஈரப்பதமானியை வாங்கி மாட்டலாம். எண் நாள் கணக்கில் 70 விழுக்காட்டைத் தாண்டியே நின்றால், ஈரம் நீக்கும் கருவி பற்றி யோசிக்கலாம்.

பூஞ்சணத்தின் மேலேயே சாயம் பூசுவது வீண் வேலை. சில வாரங்களில் அது மீண்டும் எட்டிப் பார்க்கும். ஈரமுள்ள வீடுகளில் மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியில் எடுத்துச் சொன்னது. இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஊறிப்போன ஜிப்சம் பலகையை வெட்டி எடுத்து மாற்றுவதே வழி. ஓடுகளையும் கண்ணாடியையும் சவர்க்கார நீரால் தேய்த்து உலர்த்தினால் போதும். குளோரின் திரவத்தோடு காடியையோ அமோனியா கலந்த திரவத்தையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

சுத்தம் செய்யும்போது பலரும் மறப்பது காற்றுப் பம்பை. அது அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும் கருவி. குளோரின் நெடியானாலும் கொசு மருந்தானாலும் நேராக மீனிடம் போய்ச் சேரும். டிங்கிக்காக வீட்டுப் பகுதியில் புகை அடிக்கும் நாளிலும் இதே ஆபத்துதான். புகை வருமுன் பம்பை நிறுத்தி, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டு, நெடி அடங்கியதும் தாமதமின்றி மீண்டும் முடுக்க வேண்டும்.