எக்ஸெல்லில் ஓடும் கார்! எஞ்சின் வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

வீட்டு பட்ஜெட் போடவும், மார்க் லிஸ்ட் தயாரிக்கவும் மட்டும்தான் எக்ஸெல் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? உங்கள் கார் எந்த கியரில், எந்த வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதையும் அதில் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

தேவைப்படும் விவரங்கள் மூன்றுதான். டயர் அளவு, கியர் ரேஷியோ, பைனல் டிரைவ் ரேஷியோ. டயர் அளவு டயரிலேயே அச்சாகியிருக்கும். மற்ற இரண்டும் ஓனர்ஸ் மேனுவலில் அல்லது தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் இருக்கும்.

உதாரணத்திற்கு, 1989-ல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை (1.6 லிட்டர் எஞ்சின்) எடுத்துக்கொள்வோம். அதன் டயர் 185/60 ஆர்14. ஐந்து கியர்களின் ரேஷியோ முறையே 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. பைனல் டிரைவ் 4.3.

டயர் எண்களின் பொருள்

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே எண்ணில் மூன்று விதமான அளவுகள் கலந்திருப்பதால்தான் பலருக்கும் இது குழப்புகிறது.

பக்கச் சுவர் 111 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 222. ரிம் 14 x 25.4 = 355.6. ஆக டயரின் விட்டம் 577.6 மி.மீ. இதை 3.1416-ஆல் பெருக்கினால் சுற்றளவு 1.8146 மீட்டர். அதாவது சக்கரம் ஒரு முறை சுற்றினால் கார் இவ்வளவு தூரம் நகரும்.

ஷீட்டைத் தயாரிப்போம்

பி1, பி2, பி3 செல்களில் 185, 60, 14 என்று கொடுங்கள். பி4-ல் 4.3. அடுத்து கீழ்க்கண்ட பார்முலாக்களைக் கொடுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்ய வேண்டும்.)

பி5: =(2*பி1*பி2/100)+(பி3*25.4)
பி6: =பி5*3.1416/1000

டி2 முதல் டி6 வரை ஐந்து கியர் ரேஷியோக்களைக் கொடுங்கள். இ1 முதல் எல்1 வரை 20, 40, 60 என்று 160 வரை வேகத்தைக் கொடுங்கள். இப்போது இ2 செல்லில்:

=இ$1*$டி2*$பி$4*16.667/$பி$6

மணிக்கு 1 கி.மீ. என்பது நிமிடத்திற்கு 16.667 மீட்டர். அதற்காகத்தான் அந்த எண். டாலர் குறி போட்டால் பார்முலாவை இழுக்கும்போது அந்த வரிசையோ எண்ணோ மாறாது. இ2-ன் மூலையைப் பிடித்து எல்6 வரை இழுத்து நிரப்புங்கள். முழு அட்டவணையும் தயார்!

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஐந்தாவது கியரில் 3215 ஆர்.பி.எம்., நான்கில் 3950, மூன்றில் 5253, இரண்டில் 7457, ஒன்றில் 12386 என்று வரும்.

சிவப்பு செல்கள் சொல்லும் எச்சரிக்கை

இந்த எஞ்சினின் சிவப்புக் கோடு 7000 ஆர்.பி.எம்-ஐ ஒட்டி வருகிறது. கண்டிஷனல் பார்மேட்டிங் வசதியில் 7000-க்கு மேல் உள்ள செல்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துப் பாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் இரண்டாவது கியர் சிவப்பாக இருக்கும்.

மூன்றாவது கியரிலிருந்து நான்குக்கு மாற்றும்போது கை சற்று இடப்பக்கம் சாய்ந்து இரண்டில் விழுந்தால் என்ன ஆகும்? 3950-க்கு இறங்க வேண்டிய எஞ்சின் 7457-க்கு எகிறும். ரெவ் லிமிட்டர் காப்பாற்றாதா என்று கேட்கலாம். அது எரிபொருளை மட்டும்தான் நிறுத்தும். இங்கே எஞ்சினைச் சுற்றுவது எரிபொருள் அல்ல, ஓடும் சக்கரங்கள். கிளட்சை விட்டதும் அவை எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுழற்றும். எஞ்சினே பாழாகலாம்.

டயர் மாற்றுகிறீர்களா?

இந்த ஷீட்டின் உண்மையான பயன் இங்கேதான். பி1, பி2, பி3-ல் 195, 50, 15 என்று மாற்றுங்கள். விட்டம் 576 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் வித்தியாசம் வெறும் 1.6 மி.மீ. கவலையில்லை.

அதே ரிம்மில் 185/65 போட்டால்? விட்டம் 596.1 மி.மீ. 3.2 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றுவதை மட்டுமே எண்ணுவதால், பழைய டயரில் 100 காட்டிய இடத்தில் நீங்கள் இப்போது 103 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். ஐ.நா.வின் 39-வது வாகன விதிமுறைப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. பெரிய டயர் அதை மீற வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

கார் எடையால் டயர் சற்று அமுங்கும். எனவே ரேடியல் டயருக்கு 3.1416-க்குப் பதில் 3.05 கொடுத்தால் விடை நிஜத்திற்கு இன்னும் நெருங்கும். ஐந்தாவது கியரில் 3215 என்பது சுமார் 3310 ஆகும்.

பைக் வைத்திருப்பவர்கள் பி4-ல் பிரைமரி ரேஷியோவையும், பின் ஸ்ப்ராக்கெட் பற்களை முன் ஸ்ப்ராக்கெட் பற்களால் வகுத்த விடையையும் பெருக்கிக் கொடுங்கள். கியரில்லாத சிவிடி ஸ்கூட்டர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் ரேஷியோ மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும் முன், கடைக்காரர் சொல்லும் அளவை இந்த மூன்று செல்களில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.