தாளம் தப்பிய இருதயம்

மாடிப்படி ஏறினால் உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா? "வயசாகிறதில்லையா, உடம்பும் பெருத்து விட்டது" என்று நீங்களே சமாதானம் சொல்லிக் கொள்கிறீர்களா? என் அத்தையும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தாள். ஒரு தலையணை வைத்துப் படுத்தவள் இரண்டு வைத்துக் கொண்டாள், பிறகு மூன்று. வீட்டில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நாற்பத்தெட்டு வயதில், ஒரு ராத்திரி, மார்புக்குள் குருவி சிறகடிப்பது போலிருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்து விட்டாள்.

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்; ஒரு நிமிஷம் முழுவதும் விடவில்லை. பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்களைத் திகைக்க வைத்தது: "சின்ன வயதில் மூட்டு வீங்கி ஜுரம் வந்ததுண்டா?"

வந்திருந்தது. ஒன்பது வயதில். முதலில் தொண்டைப் புண். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீக்கம். பாட்டி தைலம் தேய்த்தாள், வலி போய் விட்டது. போகாதது ஒன்று உள்ளே தங்கி விட்டது. தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சேனை, ஆள் தெரியாமல் சொந்த இருதயத்தின் வால்வுகளையும் தாக்கி விடுவதுண்டு. வாத ஜுரம் என்பது அதுதான்.

கொல்லையில் அடிபம்பு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வால்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் தோல் தேய்ந்து போனால், ஏறிய தண்ணீரில் பாதி திரும்பக் கீழே இறங்கி விடும்; கை வலிக்க அடித்தாலும் குடம் நிறையாது. இருதயம் நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள இரண்டு இதழ் வால்வு சரியாக மூடாவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கி வருகிறது. மேலறை பலூன் போல் விரிகிறது. விரிந்த அறை ஒரு கட்டத்தில் தாளத்தை விட்டு விடுகிறது. சுருங்குவதற்குப் பதில் வெறுமனே நடுங்குகிறது. அப்போது ரத்தம் அங்கே தேங்கிக் கட்டி தட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் விட்டால் பக்கவாதம். படபடப்பைக் காட்டிலும் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அதற்காக, 'எக்கோ' ரிப்போர்ட்டில் "சிறு கசிவு" என்று பார்த்ததும் அழுது விடாதீர்கள்! திடமாக இருக்கும் எத்தனையோ பேருக்கு அது உண்டு. ஆயுள் முழுவதும் தொந்தரவு தராமலே இருந்து விடும்.

ரத்தம் கட்டாமலிருக்க அத்தைக்குக் கொடுத்த மாத்திரை வார்ஃபாரின். அதன் கதை வேடிக்கையானது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப் போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் மாண்டன. காரணப் பொருளை விஸ்கான்ஸினில் கார்ல் லிங்க் என்ற ரசாயன நிபுணரின் குழு கண்டுபிடித்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபாரின் 1948ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954ல் மனிதருக்கும் மருந்தாயிற்று. இதை அத்தையிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. "எலிப் பாஷாணத்தையா எனக்குத் தருகிறார்கள்?" என்று இரண்டு நாள் மாத்திரையைத் தொடவே இல்லை!

அடுத்த வம்பு கீரையால் வந்தது. யாரோ ஒரு மாமி "கீரை கூடவே கூடாது" என்று சொல்லி விட, அடியோடு நிறுத்தினாள். பிறகு ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் முருங்கைக் கீரையாகச் சாப்பிட்டுத் திரும்பினாள். ரத்தப் பரிசோதனையில் 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டிய எண் சரிந்து கிடந்தது. கீரையிலுள்ள கே வைட்டமின் மாத்திரையின் வேலையைத் தடுக்கும். "சாப்பிடுங்கள் அம்மா, ஆனால் வாராவாரம் ஒரே அளவாக" என்றார் டாக்டர். தலைவலி மாத்திரையோ, லேகியமோ, எதுவானாலும் அவரைக் கேட்காமல் கூடாது. வடாம், அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் போயின. உப்பு, உடம்பில் நீரைத் தேக்குகிறது. (மோர் மிளகாய்க்காக அவள் பட்ட துக்கம் தனிக் கட்டுரைக்குத் தேறும்.)

கல்யாணமான இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வால்வுக் கோளாறு இருந்தால் கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரிடம் பேசி விடுங்கள். அப்போது இருதயத்தின் சுமை மிகவும் கூடுகிறது. வார்ஃபாரினோ சிசுவுக்கு ஆகாது.

ஒன்றரை வருஷத்தில் அத்தையின் வால்வை மாற்ற வேண்டியதாயிற்று. கூண்டுக்குள் பந்து உருளும் வால்வை அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் 1960ல் பொருத்தினார். நம் நாட்டிலேயே செய்த வால்வு 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதைத் தயாரிக்க முன்வந்தவர்கள், பிரஷர் குக்கரால் உங்கள் சமையலறைக்குப் பழக்கமான டி.டி.கே. குழுமத்தார்!

அத்தைக்கு இப்போது மூன்று தலையணை வேண்டாம். தாளம் மட்டும் இன்னும் தப்பித்தான் இருக்கிறது, மாத்திரையும் தொடர்கிறது. நிசப்தமான ராத்திரியில் அவள் பக்கத்தில் படுத்தால் 'டிக், டிக்' என்று வால்வு மூடுவது கேட்கும். காலையில் காப்பிக்கு முன் எடை பார்த்து, நாடியை ஒரு நிமிஷம் எண்ணி, பால் கணக்கு நோட்டிலேயே குறித்து விடுகிறாள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். பால் அரை லிட்டர், எடை 52, நாடி 78, கீரை ஒரு கைப்பிடி.