ஏணி வரைபட மொழி

ஏணி வரைபட மொழி அல்லது லேடர் லாஜிக் என்பது, தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு நிரல் எழுதப் பயன்படும் வரைபட மொழி ஆகும். இரு செங்குத்துக் கோடுகளும் அவற்றை இணைக்கும் படிகளும் ஏணி போலத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. பொறியாளர்களின் வேலைப் பழக்கத்தை ஒட்டி மென்பொருளை வடிவமைப்பதன் நன்மைக்கும் இடருக்கும் இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

1960களில் தானுந்துத் தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் ரிலேக்களால் கட்டுப்படுத்தப்பட்டன. உற்பத்தி முறை மாறும்போதெல்லாம் ரிலே பலகைகளின் கம்பிகளை மாற்றி இணைக்க வேண்டியிருந்தது. 1968 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரமாட்டிக் பிரிவு இதற்கு ஒரு மாற்றைக் கோரியது. டிக் மோர்லி முதலானோர் 1969 இல் மோடிக்கான் 084 என்ற கருவியை உருவாக்கினர்.

இக்கருவிகளைப் பராமரிக்க வேண்டியிருந்தவர்கள் கணினி நிரலாளர்கள் அல்லர். ரிலே சுற்றுப்படங்களைப் படித்துப் பழகிய மின்பணியாளர்களே. எனவே அச்சுற்றுப்படத்தின் வடிவமே நிரல்மொழியாக ஆக்கப்பட்டது. 1993 இல் வெளியான பன்னாட்டுச் சீர்தரத்திலும் இம்மொழி இடம்பெற்றது.

அமைப்பு

ஒவ்வொரு படியிலும் இடப்புறம் தொடுமுனைகளும் வலப்புறம் சுருளும் வரையப்படும். தொடராக அமைந்த தொடுமுனைகள் "உம்" என்பதையும், இணையாக அமைந்தவை "அல்லது" என்பதையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு மின்னோடியின் தொடக்கப் பொத்தானுக்கு இணையாக அம்மின்னோடியின் சுருளுக்குரிய தொடுமுனையை வரைந்தால், பொத்தானிலிருந்து கையை எடுத்த பின்னும் மின்னோடி ஓடும். தொடரில் உள்ள நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். இயங்கும்போது மின்னோட்டம் செல்லும் படிகள் திரையில் ஒளிர்வதால், பழுது எங்கே என்பதை எளிதில் கண்டறியலாம்.

ரிலே சுற்றிலிருந்து வேறுபாடு

தோற்றம் ஒன்றாயினும் இயக்கம் வேறு. ரிலே பலகையில் எல்லாச் சுற்றுகளும் ஒரே நேரத்தில் இயங்கும். பி.எல்.சி.யோ உள்ளீடுகளை முதலில் படித்து, படிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கணித்து, இறுதியில் வெளியீடுகளை மாற்றும். இச்சுழற்சி இடைவிடாது நிகழும். ஒரே சுருளை இரு படிகளில் வரைந்தால் பொதுவாகக் கடைசிப் படியின் முடிவே செல்லும். எனவே முதற்படி "ஓடு" என்றாலும் மின்னோடி ஓடாதிருக்கலாம். ரிலேக்களில் பழகியவர் இதை எதிர்பார்க்கமாட்டார். இதனால் பல நிரலாக்க மென்பொருள்கள் ஒரே சுருள் இருமுறை வரும்போது எச்சரிக்கின்றன.

நிறுத்தப் பொத்தானும் கவனத்திற்குரியது. அது அழுத்தப்படாதபோது மின்னோட்டத்தைக் கடத்தும்படி இணைக்கப்படுகிறது. கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கவேண்டும் என்பதே காரணம். ஆகவே நிரலில் அதற்குத் திறந்த தொடுமுனைக் குறியையே இடவேண்டும். வெளியே உள்ள பொத்தான் மூடிய வகை என்பதால் நிரலிலும் மூடிய குறியை இடுவது புதியவர்கள் செய்யும் பிழையாகும்.